படம் முடிந்ததும் முதல் பத்து நிமிடம்

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் போனைக் கையில் எடுக்காதீர்கள். யார் எத்தனை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள், அந்தக் கடைசிக் காட்சிக்கு என்ன அர்த்தம் சொல்கிறார்கள் என்று தேடப் போனால், உங்களுக்குள் அப்போதுதான் தலைதூக்கிய எண்ணம் போயே போய்விடும். அப்புறம் நீங்கள் எழுதுவது நாலு பேர் விமர்சனத்தின் கலவையாகத்தான் இருக்கும். உலக சினிமா பார்க்க ஆரம்பிக்கிறேன், என்ன செய்யலாம் என்று கேட்பவர்களிடம் நான் கறாராகச் சொல்வது இது ஒன்றைத்தான். மற்றதிலெல்லாம் விட்டுக்கொடுப்பேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு நோட்டை எடுத்து, கண்ணை விட்டுப் போகாத ஒரு காட்சியையும் அதைப் பார்த்தபோது உங்களுக்கு என்ன ஆனது என்பதையும் எழுதுங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம், அது எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும். 'மனதை உருக்கியது', 'மெதுவாகப் போகிறது', 'மாஸ்டர்பீஸ்' ஆகிய மூன்றுக்கும் என் நோட்டில் இடமில்லை.

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) படத்தில், அம்மாவின் இறுதிச் சடங்கு முடிந்து பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். மகள் ஷிகே, அம்மாவின் ஓபியும் (கிமோனோவின் இடுப்புப் பட்டை) கோடைக் கிமோனோவும் ஞாபகமாகத் தனக்கு வேண்டும் என்கிறாள். சாப்பாட்டுக்கு நடுவே, ரொம்ப சாதாரணமாகக் கேட்கிறாள். என் நோட்டில் இருப்பது: 'ஷிகே. பளாரென்று ஒன்று விடலாம்போல் வந்தது.' இலக்கியமாக இல்லைதான். இருக்கட்டும்.

அடுத்த நாள், ஏன் அப்படி வந்தது என்று படத்தைக் கேளுங்கள். முழுப் படமும் வேண்டாம், அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓட்டினால் போதும். கேமரா எங்கே இருக்கிறது? யார் முகம் தெரிகிறது? எப்போது கட் ஆகிறது? ஓசுவின் கேமரா தரையோடு தரையாக, அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஷிகேயை வில்லியாக்க அது எந்த முயற்சியும் எடுப்பதில்லை. கொஞ்சம் பின்னால் ஓட்டினால், அம்மா தலைமாட்டில் அழுதவர்களில் அவளும் ஒருத்தி. அந்த அழுகையும் நிஜம், கிமோனோ கேட்பதும் நிஜம். இதைப் பார்த்த பிறகு முதல் நாள் எழுதிய வரியை அடிக்க வேண்டாம். அதன் கீழேயே இதையும் எழுதுங்கள்.

பழைய படத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள் என்பது என் இரண்டாவது யோசனை. கிளாசிக் என்றதும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு பாடம் படிப்பதுபோல் பார்க்கிறோம். பக்கத்தில் ஒரு புதுப் படத்தை வைத்தால் அந்த விறைப்பு போய்விடும். 'டோக்கியோ ஸ்டோரி'க்கு ஜோடி, விம் வெண்டர்ஸின் 'பெர்ஃபெக்ட் டேஸ்' (2023). வெண்டர்ஸ் 1985இலேயே ஓசுவின் டோக்கியோவைத் தேடிப் போய் 'டோக்கியோ-கா' என்று ஓர் ஆவணப்படம் எடுத்தவர். 'டோக்கியோ ஸ்டோரி' குடும்பத்தின் பெயர் ஹிராயாமா. 'பெர்ஃபெக்ட் டேஸ்' படத்தில் டோக்கியோவின் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்பவர் பெயரும் ஹிராயாமா. அந்த வேடத்துக்காக கோஜி யகுஷோவுக்கு கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

இது மனசுக்கு இதமான படம், எளிய வாழ்க்கையின் கொண்டாட்டம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. வீட்டைவிட்டு ஹிராயாமாவிடம் வந்துவிட்ட தன் மகளை அழைத்துப் போக, டிரைவர் ஓட்டும் காரில் அவருடைய சகோதரி வருகிறாள். நிஜமாகவே கழிப்பறை கழுவுகிறாயா என்று கேட்கிறாள். அவர் தலையாட்டுகிறார். பிறகு அவளைக் கட்டிக்கொள்கிறார், கார் போனதும் அழுகிறார். அதுவரை பார்த்த செடிகள், கேசட்டுகள், தினமும் எடுக்கும் மரத்துப் படங்கள் எல்லாம் எனக்கு அந்த இடத்தில் வேறு மாதிரி ஆகிவிட்டன. அந்த மனிதர் எதையோ விட்டு ஓடி வந்திருக்கிறார். இதை எந்த விமர்சனமும் படிக்காமல் எழுதி வைத்திருந்ததால்தான், பிறகு எத்தனை பேர் இதம் இதம் என்றாலும் என் கட்சியிலேயே என்னால் நிற்க முடிகிறது.

இன்னொரு ஜோடி வேண்டுமானால் டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948), தார்தென் சகோதரர்களின் 'டூ டேஸ், ஒன் நைட்' (2014). இரண்டிலும் ஒரு வேலைக்காக ஊரெல்லாம் அலைகிறார்கள். முன்னதில் எல்லோரும் கடைசியில் மகன் அப்பாவின் கையைப் பிடிப்பதைத்தான் எழுதுவார்கள். நீங்களும் அங்கே அழலாம், தப்பில்லை. ஆனால் உங்களுக்கென்று ஓர் இடம் வேறெங்காவது இருக்கும். எனக்கு அது அடகுக் கடை. சைக்கிளை மீட்கப் பணமில்லை என்றதும் மனைவி படுக்கை விரிப்புகளை உருவிக்கொண்டுபோய் வைக்கிறாள். ஊழியர் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலமாரியில் ஏறுகிறார், ஏறிக்கொண்டே இருக்கிறார். கேமராவும் கூடவே போகிறது. மேலே வரை மூட்டை மூட்டையாக அடுத்தவர் வீட்டு விரிப்புகள். ஒரு வசனம் கிடையாது, ஊரின் நிலைமை முழுக்கத் தெரிந்துவிடுகிறது.

சரி, போரடித்தால்?

போரடித்தது என்று எழுதுங்கள், எந்த நிமிடத்தில் என்பதையும் சேர்த்து. ஷாந்தால் அகெர்மனின் 'ஷான் டீல்மான்' (1975) 201 நிமிடம் ஓடும். ஒரு விதவைத் தாயின் மூன்று நாள் வீட்டு வேலைகள், அசையாத கேமரா. முதல் நாளில் நெளிவீர்கள், நானும் நெளிந்தேன். ஆனால் அப்போது படத்தை நிறுத்தாதீர்கள், வேகத்தைக் கூட்டியும் ஓட்டாதீர்கள். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துவிடுகிறது. அவள் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடக்கிறாள். கொலைப் படத்தில்கூட எனக்கு அவ்வளவு பதற்றம் வந்ததில்லை. அவள் வீட்டின் ஒழுங்கு நமக்கு மனப்பாடம் ஆகிவிட்டதால், ஒரு பாத்திரம் இடம் மாறினாலே உறுத்துகிறது. முதல் நாள் நெளிந்தது அதற்கான முன்பணம். நோட்டில் எழுதிய நிமிடக் கணக்கைப் பார்த்தால், போரடிப்பது எங்கே நின்றது என்பது துல்லியமாகத் தெரியும். அந்த இடத்தில்தான் எழுத வேண்டியது இருக்கிறது.

கடைசி வரை போரடித்தால் அதையும் அப்படியே எழுதுங்கள், வெட்கப்பட வேண்டாம். 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா பத்திரிகை, உலகின் தலைசிறந்த படம் எது என்று பத்து ஆண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறது. 1952இல் 'பைசிக்கிள் தீவ்ஸ்' முதலிடம். 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்'. 2012இல் 'வெர்டிகோ'. 2022இல் 'ஷான் டீல்மான்'. பெரிய ஆட்களே மனசை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சப்டைட்டில் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண் கீழேயே போகிறது என்றால், பிடித்த ஒரு காட்சியை மறுநாள் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். வசனம் ஏற்கெனவே தெரியும் என்பதால் முகங்கள் தெரிய ஆரம்பிக்கும்.

காதுக்கும் கொஞ்சம் வேலை கொடுக்க வேண்டும். ஜோனதன் கிளேசரின் 'தி ஸோன் ஆஃப் இன்ட்ரெஸ்ட்' (2023) படத்தை லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் பார்த்தால் பாதிப் படம் பார்த்த மாதிரி. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் தலைவன் குடும்பம் மதில் ஓரத்தில் பூந்தோட்டம் வளர்த்து வாழ்கிறது. முகாமுக்குள் நடப்பது கண்ணில் படாது, காதில் விழும். சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் வாங்கிய படம் இது. நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். நோட்டில், பார்த்ததற்குப் பதில் கேட்டதை எழுதிப் பாருங்கள். எனக்கு எழுத வந்தது, அந்தச் சத்தம் எந்த நிமிடத்தில் எனக்குப் பழகிப் போனது என்பது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

நண்பர்களோடு பார்த்தால் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் எல்லோரும் எழுதிவிட வேண்டும். இதற்கு அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்' (2011) பிரமாதமான படம். முதல் காட்சியில் கணவனும் மனைவியும் நம்மைப் பார்த்துத்தான் வழக்காடுகிறார்கள், நீதிபதி முகமே தெரியாது. கடைசியில் மகள் தெர்மே அப்பாவோடா அம்மாவோடா என்பதை நீதிபதியிடம் சொல்ல வேண்டும். பெற்றோரை வெளியே அனுப்புகிறார்கள். இருவரும் தாழ்வாரத்தில் காத்திருக்கும்போதே படம் முடிந்துவிடுகிறது. யாரோடு போவாள் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி, காரணமாக ஒரு காட்சியையும் குறிப்பிடச் சொல்லுங்கள். காட்சி சொல்லாத சீட்டு செல்லாது.

நான் அம்மா என்று எழுதினேன். அப்பாவுக்காக நீதிபதியிடம் பொய் சொல்லிவிட்டு வந்து காரில் அழுகிறாளே, அந்தக் காட்சிதான் காரணம். என் நண்பர் அதே காட்சியைக் காட்டி அப்பா என்கிறார்.