ஜீப்பா, டபுள் கப்பா? கரவன் கொழுவுகிறவர்கள் விடும் பிழைகள்

வண்டிக்குப் பின்னால் கொழுவும் வீட்டுவண்டியான கரவனை இழுக்க ஆசைப்பட்டு வருகிற பெடியள் முதலில் கேட்பது, "அண்ணை, எத்தனை குதிரைவலு வேணும்?" நாங்களும் ஒருகாலம் கேட்டதுதான். ரயருக்குக் காற்றுப் பாருங்கள், விளக்கு வயரைப் பூட்டுங்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் வண்டியை வெளியே எடுக்கவே கூடாது.

குதிரைவலுவைப் பார்த்து எஞ்சினைத் தெரிவுசெய்வது

பாரத்தை நகர்த்துவது முறுக்குவிசை, அதுவும் குறைந்த சுற்றில் கிடைக்கிற முறுக்குவிசை. பிராடோ ஜீப்பின் 2.7 லீற்றர் பெற்றோல் எஞ்சின் தருவது 246 நியூட்டன் மீற்றர். அதற்கும் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றுக்குக் கிட்ட அலற வேண்டும். ஒட்டோ கியர் ஹைலக்ஸ் டபுள் கப் பிக்கப்பின் 2.8 லீற்றர் டீசல் 1,600 சுற்றிலேயே 500 தந்துவிடும். யாழ் குடாநாட்டில் ஏற்றம் இல்லாததால் இந்த வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. மாத்தளைப் பக்கம் ஏறும்வரை எல்லா எஞ்சினும் கெட்டிக்காரன்தான்.

கொழுக்கியில் உட்காரும் பாரத்தை மறப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான். கரவனின் மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்காவது கொழுக்கியில் இறங்க வேண்டும்; குறைந்தால் ஓட்டத்தில் கரவன் ஆடும். 1,500 கிலோ கரவன் என்றால் 150 கிலோ. அது வண்டி இழுக்கிற பாரமல்ல, சுமக்கிற பாரம். கொழுக்கி பின்சில்லுக்கும் பின்னால் இருப்பதால் முன்சில்லைத் தூக்கவும் பார்க்கும். ஜீப்பின் பின்பக்கம் சுருள்வில். சொகுசாக இருக்கும், பாரம் ஏறினால் குந்திவிடும். டபுள் கப்பின் பட்டைவில் பாரத்துக்கென்றே போட்டது.

போன சோளகத்தில் ஒரு தம்பி புதிதாக எடுத்த ஜீப்பில் கரவனைக் கொழுவினார். குடும்பம் ஏறியதும் பின்பக்கம் குந்தியது. யாரோ சொன்ன புத்தியில் தண்ணீர்க் கான், ஜெனரேற்றர், காஸ் சிலிண்டர் எல்லாம் கரவனின் வாலுக்குப் போயின. ஜீப் நிமிர்ந்தது.

"பாத்தியளே அண்ணை, இப்ப மட்டம்."

"தம்பி, உது மட்டமில்லை. வால் பாரமாப் போச்சு. ரெண்டு பேரை பஸ்ஸிலை அனுப்பு, சாமானைத் திரும்ப முன்னுக்கு வை."

கேட்கவில்லை. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். ஆனையிறவு வெளியில் பக்கக்காற்று அடிக்க, ஒரு பஸ்ஸும் உரசுகிற மாதிரி முந்தியது. கரவன் இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. அவர் பயந்து பிரேக்கை அமத்த, கரவன் ஜீப்பைக் குறுக்காகத் தள்ளிவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. கொழுக்கிச் சட்டம் வளைந்து, ஜீப்பின் பின்கதவும் கரவனின் ஒரு பக்கமும் நசுங்கிப்போயின. 500 நியூட்டன் மீற்றர் இருந்திருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சதத்துக்கும் உதவியிராது.

ஆட்டம் தொடங்கினால் அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்து, ஸ்ரியரிங்கை நேரே பிடித்திருங்கள். ஆனால் அந்த நிலைக்கு வராமலிருக்க வெங்காய மூட்டை நிறுக்கிற மேடைத்தராசு போதும். பயணத்துக்கான சாமான் முழுவதையும் ஏற்றிய பிறகு, கரவனை மட்டமாக நிறுத்தி, கொழுவும் வாய்க்குக் கீழே மரக்கட்டை கொடுத்துத் தராசில் இறக்குங்கள். 1,500 கிலோ கரவனுக்கு 60, 70 என்று காட்டினால் வெளிக்கிடாதீர்கள். வருகிற நிறையையும் ஆட்களின் நிறையையும் கூட்டி, வண்டி சுமக்கக்கூடிய அளவோடு ஒப்பிடுங்கள். அநேகமான ஜீப்புகள் தோற்பது இந்தக் கணக்கில்தான், எஞ்சினில் அல்ல.

பிரேக் இல்லாத கரவன்

ஹைலக்ஸ் 3,500 கிலோ இழுக்கும் என்று அவுஸ்திரேலியக் கட்டலொக்கில் இருப்பது தனிப் பிரேக் உள்ள கரவனுக்கு. பிரேக் இல்லையென்றால் 750. ஒட்டுக் (வெல்டிங்) கடையில் செய்வித்த கரவனில் பிரேக் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

மணிக்கு 80 கிலோமீற்றரில் ஓடுவது

வேண்டாம். 60 இலிருந்து 80 க்குப் போனாலே காற்றுத்தடை ஏறத்தாழ 1.8 மடங்கு.

கனடாக் கணக்கு

மச்சான் அங்கே எஃப்-150 பிக்கப்பில் இழுக்கிற கரவனின் அளவைச் சொல்லி இங்கே செய்விக்காதீர்கள். ஓடர் கொடுக்க முதல் உங்கள் ஒழுங்கை முடக்கை நாடா பிடித்து அளந்துவிடுங்கள்.