ஏப்ரல் நோட்டு: டிராஃப்ட், பேஸ்பால் கணிப்புகளை எழுதிவைப்பது எப்படி?

டெட்ராய்டுக்காரர்களுக்கு ஏப்ரல் இரட்டைத் திருவிழா மாதம். மாதத் தொடக்கத்தில் டைகர்ஸ் அணி சொந்த மைதானத்தில் முதல் பேஸ்பால் ஆட்டம் ஆடும். அன்று அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். மாதக் கடைசியில் அமெரிக்கக் கால்பந்தின் டிராஃப்ட். மூன்று நாள், ஏழு சுற்று; 32 அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். போன பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, சூப்பர் பௌல் என்ற இறுதியாட்டத்தை வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. 2024-இல் இந்த டிராஃப்ட் எங்கள் ஊரிலேயே நடந்தது. ஏழே முக்கால் லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் என் மகளும் மூன்று மணி நேரம் நின்றோம்.

நான் இங்கே குடிவந்தது 2008-இல். அந்தப் பருவத்தில் எங்கள் ஊர்க் கால்பந்து அணியான லயன்ஸ் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றது. பக்கத்து வீட்டுப் பெரியவர், கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அத்தனை ஆட்டத்தையும் கடைசி நிமிடம் வரை பார்த்தார். அவர்தான் இரண்டு விளையாட்டையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு நீள நோட்டைக் கையில் கொடுத்து, "நினைப்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதுங்கள். முடிந்த பிறகு எல்லோரும்தான் அறிவாளி" என்றார். இப்போது ஏழாவது நோட்டு ஓடுகிறது. எப்படி எழுதுவது என்று என்னைக் கேட்கும் நண்பர்களுக்காக இது.

எந்தக் கணிப்பானாலும் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: தேதி, எண், காரணம். "இவன் நன்றாக வருவான்" என்று எழுதினால் பிறகு சரிபார்க்க வழியே இல்லை. "மூன்றாம் ஆண்டில் முதல் பதினொருவரில் ஒருவனாக ஆடுவான், காரணம், கால் வேகம்" என்று எழுதுங்கள். பேனாவால் எழுதுங்கள், பென்சில் வேண்டாம்.

முதலில் டிராஃப்ட். ஓர் ஆண்டில் 250 பேருக்கு மேல் தேர்வாகிறார்கள். அத்தனை பேரையும் தெரிந்துகொள்ள நமக்கு நேரமில்லை. உங்கள் அணிக்கு ஆள் தேவைப்படும் இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டு, ஓர் இடத்துக்கு ஐந்து பேர் வீதம் பத்துப் பேரை மட்டும் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று முழு ஆட்டம். ஐந்து நிமிடத் தொகுப்புக் காட்சிகளைப் பார்த்து ஒருவரை எடை போடவே கூடாது; அவற்றில் எல்லோரும் தெய்வப்பிறவிகள்தான்.

தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னாலேயே போகும். நீங்கள் போகாதீர்கள். 2021-இல் நான் பெனே சூவெல் என்ற டேக்கிளைப் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு ஓரத்தில் காவல் நிற்கும் பெரிய உடம்புக்காரருக்குத்தான் டேக்கிள் என்று பெயர். தொற்றுக்காலத்தை ஒட்டி அவர் 2020 பருவம் ஆடவில்லை. ஆகவே ஒரேகன் பல்கலைக்கழகத்துக்காக 2019-இல் ஆடிய ஆட்டங்களைத்தான் பார்க்க முடிந்தது. பந்து கிளம்பும் நொடியில் திரையின் ஓரத்தில் அவருடைய பாதங்களை மட்டும் பார்ப்பேன். பின்னால் வைக்கும் முதல் அடி எவ்வளவு அகலம்? இரண்டாவது அடியில் இடுப்பு தாழ்ந்தே இருக்கிறதா, நிமிர்ந்துவிடுகிறதா? பாய்ந்து வருபவன் வெளிப்பக்கம் போவதுபோல் காட்டிவிட்டுச் சட்டென்று உள்ளே திரும்பும்போது கால்கள் பின்னிக்கொள்கின்றனவா? கைகள் எதிராளியின் மார்பில் விழுகின்றனவா, தோளுக்கு வெளியே நழுவுகின்றனவா? ஒவ்வொரு முறையும் ஒரு கோடு: சரியென்றால் நேர்கோடு, தவறென்றால் குறுக்குக்கோடு. ஒரு பக்கம் முழுக்க நேர்கோடுகளாக நிரம்பிய பிறகுதான் "ஏழாவது இடத்தில் கிடைத்தால் விடக் கூடாது" என்று எழுதினேன். லயன்ஸ் அவரை ஏழாவதாகவே எடுத்தது. அந்தப் பக்கத்தை இன்றும் அடிக்கடி திறந்து பார்ப்பேன்.

பிப்ரவரி மாதக் கடைசியில் இண்டியானாபொலிஸில் காம்பைன் என்ற உடல்திறன் சோதனை நடக்கும்: 40 கெஜ ஓட்டம், 225 பவுண்டு எடையைப் படுத்தபடி தூக்குவது, நின்ற இடத்திலிருந்து தாண்டுவது. ஆட்டப் பதிவுகளைப் பார்த்து முடிப்பதற்கு முன்னால் இந்த எண்களைப் பார்க்காதீர்கள், கண் ஏமாந்துவிடும். 2017-இல் ஜான் ராஸ் 40 கெஜத்தை 4.22 விநாடியில் ஓடினார். சின்சினாட்டி அவரை ஒன்பதாவதாக எடுத்தது, எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. 2000-இல் டாம் பிரேடி 5.28 விநாடி எடுத்துக்கொண்டார், 199-ஆவதாகத்தான் தேர்வானார். ஆட்டத்தில் கண்ட ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள மட்டும் நான் காம்பைன் எண்ணைப் பயன்படுத்துகிறேன்.

குவார்ட்டர்பேக்குகளைப் பற்றி எழுதுவது கடினம். 2018-இல் வயோமிங் பல்கலைக்கழகத்தின் ஜாஷ் ஆலனுக்கு "வேண்டாம்" என்று எழுதினேன். கல்லூரியில் அவர் வீசிய பந்துகளில் 56 சதவீதம்தான் ரிசீவர் கையில் சேர்ந்தன. காரணம் சரியாகவே இருந்தது. ஆனால் பஃபலோ அவரைப் பொறுமையாக வளர்த்தது. 2020-இல் அது 69 சதவீதத்தைத் தாண்டியது, 2024 பருவத்தில் அவரே லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். அதே 2018-இல் லமார் ஜாக்சன் முதல் சுற்றின் கடைசி ஆளாக 32-ஆவது இடத்தில் பால்டிமோருக்குப் போனார். அவருடைய ஓட்டத்துக்கு ஏற்றபடி அந்த அணி தன் ஆட்டமுறையையே மாற்றியமைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் இரண்டு குறிப்பு எழுதுகிறேன். டிராஃப்டுக்கு முன் ஒன்று, எந்த அணி எடுத்தது என்று தெரிந்தபின் இன்னொன்று. நாற்று எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நட்ட வயலையும் பார்த்தாக வேண்டும்.

கொடுத்த விலையையும் எழுதுங்கள். 2025-இல் டிராவிஸ் ஹண்டரை எடுப்பதற்காக ஜாக்சன்வில் ஐந்தாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு ஏறியது. அதற்காக மறு ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பையும் கிளீவ்லாந்துக்குக் கொடுத்தது. ஹண்டர் தாக்குதல், தடுப்பு என இரு பக்கமும் ஆடும் அபூர்வமான ஆட்டக்காரர். எனக்கு மிகவும் பிடித்தவர். இருந்தும் "ஆள் சரி, விலை அதிகம்" என்றுதான் எழுதியிருக்கிறேன். மதிப்பெண் போடுவதற்கு மூன்று பருவம் காத்திருப்பேன். 2023-இல் லயன்ஸ் 12-ஆவது இடத்தில் ஜமீர் கிப்ஸை எடுத்தபோது, பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங்பேக்குக்கு அவ்வளவு உயர்ந்த இடம் வீண் என்று கோபத்தோடு எழுதினேன். 2024-இல் அவர் 1,412 கெஜம் ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி பெறும் டச்டவுன் 20 எடுத்தார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் "கணிப்பு தவறு, கோபமும் தவறு" என்று எழுதியிருக்கிறேன்.

இனி பேஸ்பால். இங்கே கண்ணைவிடக் கணக்குக்குத்தான் அதிக வேலை. 30 அணிகள், ஆளுக்கு 162 ஆட்டம். 2009-இல் முதன்முதலாக 30 அணிகளுக்கும் வெற்றி எண்ணிக்கை எழுதிப் பெரியவரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கூட்டினார். 2,519 வந்தது. "மொத்தமே 2,430 ஆட்டம்தான். எல்லோரையும் ஜெயிக்க வைத்துவிட்டீர்களே, தோற்பது யார்?" என்று கேட்டார். எந்த அணியைப் பார்த்தாலும் புதிதாக வந்தவர்கள்தான் நம் கண்ணில் படுகிறார்கள்; காயம்படப் போகிறவர்கள் படுவதில்லை. ஆகவே எழுதி முடித்ததும் கூட்டுங்கள். 2,430-க்கு மேல் போனால், எந்த அணிகளிடம் தாராளமாக இருந்தீர்கள் என்று தேடிக் குறையுங்கள். எனக்கு எப்போதும் அது டைகர்ஸ் இருக்கும் பிரிவுதான்.

தொடக்க எண்ணை எப்படிப் பிடிப்பது? போன ஆண்டின் வெற்றிகளை அப்படியே எடுக்காதீர்கள். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் தந்த சூத்திரம் ஒன்று உண்டு. அணி எடுத்த ஓட்டங்களை வர்க்கம் செய்யுங்கள். எதிரணிக்குக் கொடுத்த ஓட்டங்களையும் வர்க்கம் செய்யுங்கள். முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து 162-ஆல் பெருக்குங்கள். 2023-இல் சான் டியாகோ 752 ஓட்டம் எடுத்து 648 கொடுத்தது. 565,504-ஐ 985,408-ஆல் வகுத்தால் 0.574, பெருக்கினால் 93. ஆனால் அந்த ஆண்டு அவர்கள் உண்மையில் வென்றது 82 மட்டுமே. ஒரே ஓட்ட வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 9 வெற்றி, 23 தோல்வி. இப்படிப்பட்ட துரதிர்ஷ்டம் வழக்கமாக மறு ஆண்டும் தொடராது என்பதால் 2024-க்கு 91 எழுதினேன். அவர்கள் 93 வென்றார்கள். மறுபக்கமும் பாருங்கள். டெக்சாஸ் 2016-இல் அத்தகைய ஆட்டங்களில் 36 வென்று 11 மட்டும் தோற்று மொத்தம் 95 வெற்றி பெற்றது. மறு ஆண்டு 78. இது எப்போதும் பலிக்கும் என்று நம்பிவிட வேண்டாம்: சியாட்டில் 2021-இல் எடுத்ததைவிட 51 ஓட்டம் அதிகமாகக் கொடுத்தும் 90 ஆட்டம் வென்றது. மறு ஆண்டு சரியும் என்று எழுதினேன். மறுபடியும் 90.

இந்தத் தொடக்க எண்ணோடு வந்தவர், போனவர், வயதானவர், காயத்திலிருந்து திரும்புகிற பிட்சர் (பந்து வீசுபவர்) என்று கூட்டிக் கழியுங்கள். எவ்வளவு ஆசையிருந்தாலும் ஒரு தனி ஆளுக்காக ஆறு வெற்றிக்கு மேல் கூட்ட வேண்டாம். இடது கையால் வீசும் டாரிக் ஸ்கூபல் 2024, 2025 இரண்டு ஆண்டும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். அவருக்குக்கூட நான் ஆறுதான் கொடுத்தேன்.

ஆறு எண்ணிக்கை வரை தவறினால் வருந்தாதீர்கள். 162 முறை நாணயம் சுண்டிப் பாருங்கள்: 81 தலை விழும் என்று எதிர்பார்ப்போம், ஆனால் சுமார் மூன்றில் ஒரு தடவை 75-க்குக் கீழோ 87-க்கு மேலோ போய்விடும். பருவத்தின் நடுவில் நோட்டைத் திருத்தவும் கூடாது. 2025 மார்ச்சில் டைகர்ஸுக்கு 86, கிளீவ்லாந்துக்கு 85 என்று எழுதியிருந்தேன். ஜூலையில் டைகர்ஸ் கிளீவ்லாந்தைவிட 15½ ஆட்டம் முன்னால் இருந்தது. 100 என்று மாற்றச் சொல்லி அலுவலகத்தில் ஒரே வற்புறுத்தல். மாற்றவில்லை. பருவம் முடிந்தபோது கிளீவ்லாந்து 88, டைகர்ஸ் 87.

பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரை யார் வெல்வார் என்று மார்ச்சில் எழுதுவதை நான் விட்டுவிட்டேன். அந்த அக்டோபரில் பிளேஆஃப் சுற்றில் சியாட்டிலுக்கு எதிரான ஐந்தாவது, கடைசி ஆட்டம் வழக்கமான ஒன்பது இன்னிங்ஸைத் தாண்டி 15 இன்னிங்ஸ் போனது. ஸ்கூபல் 13 பேரை மூன்று ஸ்டிரைக்கில் வெளியேற்றினார். கடைசியில் ஒரே ஓட்டத்தில் தோற்றோம். நள்ளிரவு தாண்டிப் பெரியவர் வீட்டு விளக்கு அணைந்தது. நான் நோட்டை எடுத்து 86-க்குப் பக்கத்தில் 87 என்று எழுதி, தேதி போட்டு, அலமாரியில் வைத்தேன்.