உப்புக்காற்றில் நிற்கும் காருக்கு முதலில் சீலன்ட், பிறகு வேக்ஸ்

பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். உவர்ப்பான போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளைத் திட்டு படியும். அதன் மேல் எதைப் பூசினாலும் வீண். நல்ல தண்ணீரைப் பீய்ச்சி மணலையும் உப்பையும் போக்கிய பிறகுதான் ஷாம்பு. மணலோடு துணி பட்டால் கீறல் நிச்சயம். மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

சீலன்ட் என்பது பெயின்ட்டைக் காக்கும் செயற்கைப் பூச்சு. அது பெயின்ட்டை நேரடியாகப் பிடிக்க வேண்டும். வேக்ஸ், அதாவது மெழுகுப் பூச்சின் மேல் சீலன்ட்டைப் போட்டால் ஒட்டாது. நிழலில், பானெட்டில் கை வைத்தால் சுடாத நேரத்தில், ஸ்பாஞ்சில் ஒரு ரூபாய் நாணயம் அளவு எடுத்து ஒரு கதவு முழுக்க மெல்லிசாகத் தடவுங்கள். தடிமனாகப் பூசினால் பாதுகாப்பு கூடிவிடாது, துடைப்பதுதான் பெரும்பாடு. விரலால் இழுத்துப் பாருங்கள். பிசுபிசுப்பாக இழுபடாமல் தடம் சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம். கடற்காற்றின் ஈரத்தில் இதற்கு டப்பாவில் போட்டிருப்பதைவிட நேரம் பிடிக்கும், அவசரப்பட வேண்டாம்.

வேக்ஸ் மறுநாள். அதுவரை வண்டி நனையக் கூடாது, இரவுப் பனியில்கூட. கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் டேப் ஒட்டிவிடுங்கள். வேக்ஸ் பட்டால் வெள்ளைக் கறை லேசில் போகாது.

அடிப்பாகத்துக்கு இதெல்லாம் உதவாது. தனுஷ்கோடி போய் வந்தால் அன்றே சக்கரத்தின் உள்வளைவை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.