பழைய லொறியில் டீசல் எங்கே கசியுது, ஏர் எங்கே ஏறுது?

லிந்துலையிலிருந்து நானுஓயாவுக்கு உரம் ஏற்றிக்கொண்டு போகும்போது ஒருமுறை என் லொறி ஏற்றத்தில் மூச்சு முட்டி நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன், கீழே ஒரு சொட்டு டீசல் இல்லை. கராஜில் பம்ப் போயிருக்கும், இறக்கிப் பார்ப்போம் என்றார்கள். கடைசியில் குற்றவாளி, டாங்கியிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் கிளிப்புக்கு அடியில் இருந்த, நகம் கீறின அளவு வெடிப்பு. அதனால் புதிதாக லொறி வாங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: டீசல் வெளியே வரும் லீக் வேறு, காற்று உள்ளே போகும் லீக் வேறு. நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

காரணம் எளிது. டாங்கியிலிருந்து பீட் பம்ப் (டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குத் தள்ளும் சின்னப் பம்ப்) வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்தப் பகுதியில் ஓட்டை இருந்தால், எஞ்சின் ஓடும்போது டீசல் ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். பீட் பம்பைத் தாண்டினால் எல்லாம் அழுத்தத்தில் இருக்கும், அங்கே ஓட்டை விழுந்தால் நனையும். ரோட்டரி பம்ப் (எஞ்சினுக்குள் டீசலை அழுத்தித் தள்ளும் பெரிய பம்பில் ஒரு வகை) போட்ட எஞ்சின்களில் பீட் பம்ப் தனியாக இல்லாவிட்டால், பில்டரும் உறிஞ்சும் பக்கத்திலேயே சேரும். உங்களுடையது எந்த வகை என்று கராஜ் பாஸிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சரிவை வைத்துச் சோதியுங்கள்

நம்ம ஊரில் சமதரை கிடைப்பதுதான் கஷ்டம், இந்த வேலைக்கு அதுவே வசதி. ஒரு ராத்திரி லொறியின் முகம் மேட்டைப் பார்க்க நிறுத்துங்கள். அடுத்த ராத்திரி முகம் பள்ளத்தைப் பார்க்கட்டும். இரண்டு நாளும் சக்கரத்துக்குக் கல் வைக்க மறக்காதீர்கள். முகம் மேலே இருந்த காலையில் செல்ஃப் அடித்து அடித்துத்தான் ஸ்டார்ட் ஆனது, மறுநாள் சட்டென்று பிடித்தது என்றால், ராத்திரி முழுக்க காற்று ஏறி, டீசல் டாங்கிக்குத் திரும்பி இறங்கியிருக்கிறது. நுவரெலியா பக்கத்துக் குளிரில் பழைய ரப்பர் இன்னும் விறைத்துப் போகும். காலையில் தகராறு செய்து பகலில் ஒழுங்காக ஓடும் லொறி என்றால் ஹோஸ் முனைகளைச் சந்தேகப்படுங்கள்.

கண்ணால் பார்க்க ஒரு ஹோஸ்

பில்டருக்கும் பெரிய பம்புக்கும் நடுவே, டீசலைத் தாங்கும் கண்ணாடி போன்ற ஹோஸ் ஒரு முழம் போட்டுக் கிளிப் இறுக்குங்கள். கைப்பம்பை அடித்து ஏர் எடுத்துவிட்டு (லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு) எஞ்சினை ஓட விடுங்கள். தொடக்கத்தில் நாலைந்து குமிழ் வரும், அது போகட்டும். ஐந்து நிமிடம் கழித்தும் கடுகு மாதிரி குமிழ்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தால் எங்கோ காற்று ஏறுகிறது.

எங்கே என்று பிரிப்பதற்கு ஒரு கேன் போதும். டாங்கியிலிருந்து வரும் ஹோஸை எஞ்சின் பக்கத்து முனையில் கழற்றி, அந்த இடத்தில் வேறொரு துண்டு ஹோஸ் மாட்டி, சுத்தமான டீசல் கேனுக்குள் அமிழ்த்துங்கள். குமிழ் நின்றால் கோளாறு டாங்கி பக்கம். அரை டாங்கிக்குக் கீழே இறங்கினால் மட்டும் தகராறு வருகிறதா? அப்படியென்றால் டாங்கிக்குள் நிற்கும் உறிஞ்சு பைப்பின் மேல்பகுதியில் வெடிப்பு இருக்கலாம். டீசல் நிறைய இருக்கும்போது அது மூழ்கி மறைந்திருக்கும்.

நனைகிற பக்கம்

எஞ்சினை ஆறவிட்டு, பம்ப், பில்டர், பைப் எல்லாவற்றையும் துடைத்துக் காய வையுங்கள். ஈரத்தோடு தேடினால் எல்லா இடமும் லீக் மாதிரியே தெரியும். காய்ந்ததும் முகப் பவுடரை மெல்லத் தூவி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். டோர்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளையில் கறுத்த கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டின் மேல் முனைதான் லீக். கீழே சொட்டும் இடத்தை நம்பாதீர்கள், டீசல் பைப் வழியே ஓடிப் போய் வேறெங்கோ சொட்டும்.

பல தடவை அந்தக் கோடு ஒரு செப்பு வொஷரில் போய் முடியும். 2022 ஜூன் கடைசியில் லீட்டர் 460 ரூபாவுக்கு வரிசையில் நின்று வாங்கி, பீப்பாயில் சேர்த்து ஊற்றிய டீசலில் அழுக்கு வந்து பில்டரை அடிக்கடி கழற்றினோம். கழற்றும் ஒவ்வொரு முறையும் பழைய வொஷரையே போட்டோம். நசுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும், மறுபடி அடைக்காது. புதியது கிடைக்காவிட்டால் கேஸ் அடுப்பில் மங்கலாகச் சிவக்கும்வரை காட்டித் தண்ணீரில் போடுங்கள். செம்பு மறுபடி இளகும். கரியைத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.

இன்ஜெக்டர் பைப்பில் கை வைக்காதீர்கள்

இதை மட்டும் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். லொறி டயரில் இருப்பது 100 பி.எஸ்.ஐ. அளவு காற்றழுத்தம். பழைய இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் மூக்கு) திறப்பதற்கே 1,500 பி.எஸ்.ஐ.க்கு மேல் வேண்டும். ஊசி முனை ஓட்டையிலிருந்து பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது, ஆனால் விரலையே எடுக்கவேண்டி வரலாம். அப்படி நடந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் பாய்ந்தது என்று சொல்லுங்கள். சோதிப்பதற்கு நீளமான கார்ட்போர்ட் மட்டையைத் தூரத்தில் நின்று பிடியுங்கள், கண்ணாடியும் போடுங்கள். நட்டில் கசிந்தால் எஞ்சினை நிறுத்தி, தளர்த்தித் துடைத்து இறுக்குங்கள். முரட்டுத்தனமாக முறுக்கினால் பைப் முனை கெடும். பைப்பைப் பிடிக்கும் கிளாம்ப் கழன்றிருந்தால் அதையும் மாட்டுங்கள், அதிர்ந்து அதிர்ந்துதான் பைப் வெடிக்கிறது.

டிப்ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள். ஒயில் மட்டம் ஏறி டீசல் வாடை வந்தால் கசிவு உள்ளுக்குள்ளே. அந்த லொறியை ஓட்டாமல் பாஸைக் கூப்பிடுங்கள்.

றோட்டில் சொட்டிய டீசல் மழைக்குப் பிறகு வளைவில் பைக் ஓட்டுபவனைச் சறுக்கிவிடும். நிறுத்திய இடத்தில் ஒழுகியிருந்தால் மரத்தூளோ மண்ணோ போட்டுக் கூட்டி அள்ளிவிடுங்கள்.

எல்லாம் மாட்டி ஏர் எடுத்த பிறகு, அன்று ராத்திரி முகம் மேட்டைப் பார்க்கவே நிறுத்துங்கள். காலைக் குளிரில், கைப்பம்பைத் தொடாமல் செல்ஃப் அடித்துப் பாருங்கள்.