பெரியவனாக ஆசையா? துண்டை எடுங்கள்

தமது மகிமையில் தம் வலப்பக்கமும் இடப்பக்கமும் உட்கார இடம் கேட்ட சீடர்களான யாக்கோபையும் யோவானையும் இயேசு விரட்டிவிடவில்லை. பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக இருக்கட்டும் என்று வழியைத்தான் மாற்றிக் காட்டினார் (மாற்கு 10). சரி, எங்கே தொடங்குவது? சபையில் யாரும் கை வைக்காத வேலையைப் பாருங்கள்: ஆராதனை முடிந்ததும் நாற்காலி அடுக்குவது, கழிவறை கழுவுவது, படுக்கையில் இருக்கும் முதியவர் சொன்ன கதையையே பத்தாவது முறையாகச் சொல்லும்போதும் உட்கார்ந்து கேட்பது. மேடைக்கு எப்படியும் ஆள் கிடைத்துவிடும்.

அப்புறம், செய்ததைப் படம் எடுத்துப் போடாதீர்கள்.

கடினமானது இனிமேல்தான். உங்களுக்குப் பிடிக்காத ஒருவருக்கு இந்த வாரம் ஏதாவது செய்யுங்கள்; யோவான் சுவிசேஷம் 13-இல் இயேசு துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவியபோது, அவரைக் காட்டிக்கொடுக்கப்போகும் யூதாசும் அங்கேதான் இருந்தான். நன்றி வராவிட்டால் உள்ளே எரியும், எனக்கும் எரிந்திருக்கிறது. ஜெபித்துவிட்டு மறுநாளும் போங்கள். அன்று தன் கால்களைக் கழுவ வேண்டாம் என்று முதலில் மறுத்த பேதுரு மாதிரி, பிறர் உங்களுக்குச் செய்ய வரும்போது காலை இழுத்துக்கொள்ளவும் வேண்டாம்.