பழைய டிராக்டர் பிளேடைப் பனிக்குத் தயார் செய்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஹூரான் ஏரிக்குக் கிழக்கே உள்ள கிராமங்களில் குளிர்காலம் கடுமையானது. ஏரியைக் கடந்து வரும் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து பனியாகக் கொட்டும். வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே நீளமான சரளைப் பாதை இருப்பவர்கள் சிறு டிராக்டரும் பின்னால் மாட்டும் பிளேடும் வைத்துத்தான் சமாளிக்கிறார்கள். நம் ஊரில் வயலைச் சமப்படுத்த மாட்டுகிற அதே வகைப் பிளேடுதான். பண்ணை ஏலங்களில் பழசு மலிவாகவே கிடைக்கும். இரும்பு நல்ல இரும்பாக இருந்தால் வாங்கலாம், சந்தேகமே வேண்டாம். பழுது பார்க்கும் விதத்தில்தான் பலரும் அதைக் கெடுத்துவிடுகிறார்கள்.

வாங்கி வந்ததும் வெல்டிங் மெஷினைத் தேடுவதுதான் முதல் தவறு. முதலில் பிளேடைக் கழுவுங்கள். டிராக்டரில் மாட்டித் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, அதன்மேல் இறக்கி வையுங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் கை கால் நீட்டவே கூடாது. இப்போது பிளேடின் ஒரு முனையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கண் முனையில் இருக்க வேண்டாம், நடுவில் பிளேடு திரும்புகிற பின்னை, அதாவது இரும்பு அச்சாணியைப் பாருங்கள். பின் அசையாமல் பிளேடு மட்டும் ஆடினால், துளை தேய்ந்து ஓவலாகிவிட்டது என்று அர்த்தம். அந்த ஆட்டத்தைச் சரிசெய்யாமல், பிளேடைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் எத்தனை பட்டை வைத்தாலும் பயனில்லை. ஒவ்வொரு முறை எதிலாவது மோதும்போதும் அந்த இடைவெளி சுத்தியல் அடியாக மாறிச் சட்டத்தில் இறங்கும். ஓவலான துளைக்குள் வெல்டிங்கை ஊற்றி அடைத்து, கையால் டிரில் போடுவது அரைகுறை வேலை. லேத் பட்டறையில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கி, உள்ளே புஷ் என்ற உலோக வளையம் இறக்கி, புதுப் பின் போடுவதே சரி.

அடுத்தது, வலுப்படுத்துவதில் வரும் தவறு. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். சட்டத்தில் விரிசல் கண்டால் அதன்மேல் ஒரு தடிமனான சதுரப் பட்டையை வைத்து நாலு பக்கமும் வெல்டு அடித்துவிடுகிறார்கள். பார்க்கப் பலமாகத் தெரியும். அடுத்த குளிர்காலத்தில் பட்டை முடிகிற கோட்டிலேயே சட்டம் உடையும். காரணம் எளிது. பட்டை உள்ள இடம் விறைப்பாகிவிட்டது, பக்கத்து இடம் அப்படியே இருக்கிறது. வளைகிற விசை முழுக்க அந்த எல்லைக்கோட்டில் வந்து சேர்கிறது. போதாததற்குச் சட்டத்துக்குக் குறுக்காக ஓடும் வெல்டிங் அங்கேயே ஒரு வெட்டுபோல உட்கார்ந்திருக்கிறது. பட்டையின் இரண்டு முனைகளையும் சாய்வாக, வைர வடிவில் வெட்டுங்கள். வெல்டிங் சட்டத்தின் நீளவாக்கில் ஓடட்டும். அதற்கு முன் விரிசல் முடிகிற இடத்தில் சிறு துளை போட்டு, கிரைண்டரால் விரிசலை 'வி' வடிவில் அடிவரை திறந்து, நிரப்பிவிட வேண்டும். விரிசலை மூடி மறைத்தால் அது பட்டைக்கு அடியில் வளர்ந்துகொண்டே போகும்.

எல்லாவற்றையும் உடையாதபடி செய்துவிட வேண்டும் என்ற ஆசையும் ஆபத்துதான். சில பிளேடுகளில் மோதினால் அறுந்து போவதற்கென்றே மென்மையான போல்ட்டு ஒன்று வைத்திருப்பார்கள். அது அடிக்கடி அறுகிறதே என்று கிரேடு 8 என்ற மிகப் பலமான போல்ட்டைப் போடாதீர்கள். போல்ட்டு தப்பிக்கும், அதற்குப் பதில் பின்னோ, பிளேடை மாட்டித் தூக்கும் டிராக்டரின் லிங்கேஜோ போகும். உறைந்த பனிக்கட்டியிலோ கான்கிரீட் விளிம்பிலோ பிளேடு மாட்டினால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அது கையிருப்பில் உள்ள போல்ட்டாக இருக்கட்டும்.

கீழே உள்ள வெட்டு விளிம்பு வேறு கதை. பல பிளேடுகளில் இது கார்பன் அதிகமுள்ள கடினமான எஃகு. சாதாரண இரும்புபோல நினைத்து இதைப் பிளேடோடு சேர்த்து வெல்டு அடித்தால், வெல்டிங்குக்குப் பக்கத்துப் பகுதி வேகமாகக் குளிர்ந்து கண்ணாடிபோல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். என்ன இரும்பு என்று தெரியாவிட்டால் கிரைண்டரை ஒரு ஓரத்தில் லேசாக வைத்துத் தீப்பொறியைப் பாருங்கள். சாதாரண இரும்பு நீளமான, கிளை குறைந்த கோடுகளாகப் பொறி விடும். கார்பன் அதிகமானால் பொறிகள் குட்டையாகி, நுனியில் மத்தாப்பூவாக வெடிக்கும். விளிம்பைப் போல்ட்டில் மாட்டி வைத்திருப்பதே தேய்ந்தால் கழற்றத்தான், அந்த வசதியை வெல்டு அடித்துக் கெடுக்க வேண்டாம். பெரும்பாலும் அதைத் தலைகீழாகத் திருப்பி மறுபக்கத்தையும் பயன்படுத்தலாம். துருப்பிடித்த நட்டோடு மல்லுக்கட்டாமல் கிரைண்டரால் அறுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள். அதற்கென்று சதுரக் கழுத்தும், தகட்டுக்குள் அமிழும் தலையும் உள்ள போல்ட்டு கிடைக்கும். அறுகோணத் தலை போல்ட்டைப் போட்டால் தலை வெளியே துருத்திக்கொண்டு தேய்ந்து போகும். விளிம்பு போல்ட்டுத் தலை வரை தேய்கிற வரைக்கும் காத்திருந்தால், தேய்மானம் பிளேடின் தகட்டையே தின்ன ஆரம்பித்துவிடும். அப்புறம் செலவு பல மடங்கு.

வெல்டிங் வேலையைக் கோடையிலேயே முடிப்பது நல்லது. முதல் பனி விழுந்த பிறகு, பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்து கிடக்கும் இரும்பில் நேராக வெல்டு அடிப்பது பலர் செய்யும் தவறு. அமெரிக்க வெல்டிங் விதிமுறைகளே, இரும்பு 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் குறைந்தது 20 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டுத்தான் தொடங்கச் சொல்கின்றன. 7018 என்ற வெல்டிங் ராடு நல்ல தேர்வு, ஆனால் ஈரம் பட்ட ராடு வேண்டாம். ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் பின்னால் விரிசலாக வெளிப்படும். பெயிண்டையும் துருவையும் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். பழைய இயந்திரப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், முகமூடி இல்லாமல் கிரைண்டர் பிடிக்காதீர்கள். பிளேடின் முதுகில் நீளமான ஆங்கிள் இரும்பு வைப்பதானால் ஒரே மூச்சில் கோடு இழுக்க வேண்டாம். வெல்டிங் ஆறும்போது சுருங்கிப் பிளேடையே வில்லாக வளைத்துவிடும். விட்டு விட்டு, பக்கம் மாற்றி மாற்றிச் சிறு துண்டுகளாக வையுங்கள். முடிந்தால் பிளேடை டிராக்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். கழற்ற முடியாவிட்டால் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

எடையையும் கணக்கில் வையுங்கள். பின் பிளேடை அழுத்திப் பிடிக்கும் சக்தி பெரும்பாலான டிராக்டர் லிங்கேஜில் கிடையாது, சொந்த எடையால்தான் பிளேடு சுரண்டும். அதனால் கொஞ்சம் கூடுதல் எடை நல்லதே. அளவு மீறினால், தூக்கும்போது முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி விட்டுப்போகும். வழுக்குகிற பாதையில் அது விளையாட்டல்ல.

சரளைப் பாதையானால் பிளேடின் இரு முனைகளிலும் உயரம் மாற்றக்கூடிய சறுக்குப் பாதங்கள் வைப்பது நல்லது. இல்லாவிட்டால் வசந்தத்தில் சரளை முழுக்கப் புல்வெளியில் கிடக்கும். பாதம் இல்லாதவர்கள் பிளேடை 180 டிகிரி திருப்பி, அதன் முதுகுப்பக்கம் முன்னால் வரும்படி இழுக்கலாம். தரை உறையும்வரை அது போதும்.

கடைசியாகப் பெயிண்ட். பனி ஒட்டாமல் உருள முன்பக்கம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். வெல்டு வைத்த இடங்களுக்கு மட்டும் வெளிர் நிறம் அடியுங்கள். கறுப்புப் பெயிண்டில் தெரியாத மயிரிழை விரிசல், வெளிர் நிறத்தில் துருக் கோடாக உடனே காட்டிக்கொடுக்கும். முதல் பனியைத் தள்ளி முடித்ததும் விளிம்புப் போல்ட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை முறுக்கிவிடுங்கள், அவை பெரும்பாலும் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.