ஹார்மோன் சிகிச்சை: அக்கா பயந்தது ஒன்று, பார்க்க வேண்டியது வேறொன்று

இரவு இரண்டு மணிக்கு அக்கா எழுந்து உட்கார்ந்து ஃபேனை ஐந்தில் வைப்பாள். கழுத்தெல்லாம் வியர்வை, ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் அதே உடம்பு குளிரும், போர்வையைத் தேடுவாள். வயது 49, மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடம். டாக்டர் ஹார்மோன் சிகிச்சை, அதாவது உடம்பில் குறைந்துபோன பெண் ஹார்மோனை மருந்தாகக் கொடுப்பது, என்று பேச்செடுத்ததுமே, "ஐயோ, கேன்சர் வந்துடும்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

இதுதான் பலர் செய்யும் தவறு. அந்தப் பயம் அமெரிக்காவில் 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்விலிருந்து கிளம்பியது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களில், ஆண்டுக்கு 10,000 பேரில் 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. உண்மைதான். ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. வேறு நோய் இல்லாதவர் 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று 10 ஆண்டுக்குள் தொடங்கினால், கடும் தொந்தரவுக்குக் கிடைக்கும் நன்மைதான் பெரும்பாலும் அதிகம். அதற்காக 65 வயதில் இளமை திரும்பும் என்று புதிதாகத் தொடங்குவதும் சரியில்லை.

எனக்குக் கோபம் வருவது இன்னொன்றில். பக்கத்து வீட்டம்மாவின் மாத்திரை அட்டையைக் காட்டி மெடிக்கலில் வாங்கிவிடுகிறார்கள். அவருக்குக் கர்ப்பப்பை எடுத்திருக்கும், ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். கர்ப்பப்பை உள்ளவர் அதை மட்டும் சாப்பிட்டால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்து, அங்கே புற்றுநோய் வரும் ஆபத்து கூடும். கூடவே புரோஜெஸ்டின் போன்ற புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் வேண்டும்.

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து ரத்தம் பட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். காரணம் தெரியாமல் ஹார்மோன் தொடங்கக் கூடாது. உறவின்போது எரிச்சல், வறட்சி மட்டும்தான் தொல்லை என்றால் மாத்திரையே தேவைப்படாது, அங்கேயே தடவும் கிரீம் இருக்கிறது.

மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், கல்லீரல் நோய், ரத்தக்கட்டு (ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பது): இவற்றில் எது வந்திருந்தாலும், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், கேட்காமலே சொல்லிவிடுங்கள். தோலில் ஒட்டும் பட்டையிலும் ஜெல்லிலும் ரத்தக்கட்டு ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. அதைத் தருவதா என்பதும் இந்தப் பதிலைப் பொறுத்ததே.

அக்காவை மறுபடி அழைத்துப் போனேன். சின்னவன் பிறந்தபோது கால் வீங்கி ஊசி போட்டது அன்றைக்குத்தான் பேச்சில் வந்தது. டாக்டர் பழைய சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ரத்தக்கட்டு. ஹார்மோன் இல்லாத மாத்திரை ஒன்றை எழுதிக்கொடுத்தார். இப்போது ஃபேன் மூன்றில் ஓடுகிறது.